இருபத்தைந்தாம் தேதி யாருக்கு லீவு?

எங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்கு நிலையான தேதி கிடையாது.

1990 வாக்கில் நடந்த சங்கதி. திருத்துறைப்பூண்டியில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. அத்தை அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாமா சோழன் போக்குவரத்துக் கழகத்தில் டிரைவர். சொந்த அத்தை, சொந்த மாமா இல்லை. எங்கள் தெருவில் இருந்த எல்லாருமே எங்களுக்கு அத்தை, மாமாதான்.

டிசம்பர் பிறந்தால் அவர்கள் வாசலில் ஒரு காகித நட்சத்திரம் தொங்கும். திண்ணையோரம் குடில் கட்டுவார்கள். வைக்கோல் எங்கள் வீட்டிலிருந்து போகும். மண் பொம்மைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். மாதா, சூசையப்பர், மூன்று ராஜாக்கள், காது உடைந்த ஒரு மாடு. குழந்தை மட்டும் வராது. அது பீரோவில், ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் பஞ்சு சுற்றி வைக்கப்பட்டிருக்கும்.

முறைப்படி 24ஆம் தேதி நள்ளிரவில் குழந்தையைக் குடிலில் வைக்கவேண்டும். எதிர்வீட்டில் அப்படி இல்லை. அத்தைக்கு டூட்டி முடிந்து, மாமாவுக்கும் டூட்டி முடிந்து, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்கிற அந்த முதல் ராத்திரியில்தான் குழந்தை பிறக்கும். சில வருஷம் 26. ஒரு வருஷம் 28. அன்றைக்குத்தான் கேக், அச்சு முறுக்கு, அதிரசம், புதுத்துணி எல்லாம்.

ஆகவே டிசம்பர் இரண்டாம் வாரம் தெருப் பொடிசுகள் அத்தனை பேருக்கும் ஒரே கேள்வி. "டூட்டி லிஸ்ட் போட்டாச்சா அத்தை?" மற்ற பண்டிகைகளுக்குப் பஞ்சாங்கம். இதற்கு ஆஸ்பத்திரி நோட்டீஸ் போர்டு.

பாவம், இவர்கள் வீட்டில் மட்டும் இப்படி ஒரு கோளாறு என்று ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு பழைய சரித்திரத்தைப் புரட்டினால், கிறிஸ்துமஸின் கதையே முக்கால்வாசி டூட்டி லிஸ்ட் கதைதான் என்று தெரிகிறது.

முதலில் தேதி. பைபிளில் டிசம்பர் 25 என்று எங்கேயும் கிடையாது. அந்தத் தேதி ரோமாபுரியில் நான்காம் நூற்றாண்டில் நிலைபெற்றது. ஆர்மீனியர்கள் இன்றுவரை ஜனவரி 6தான் என்கிறார்கள். சென்னையில் அரண்மனைக்காரத் தெருவில் 1772இல் அவர்கள் கட்டிய சர்ச் இன்னும் இருக்கிறது. வியாபாரத்துக்கு வந்த இடத்திலும் தங்கள் தேதியை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

நம் கடற்கரையில் இதைவிட வேடிக்கை நடந்திருக்கிறது. 1582இல் போப் பதிமூன்றாம் கிரிகோரி காலண்டரைத் திருத்தினார். போப் சொல்லி நாம் கேட்பதா என்று புராட்டஸ்டண்ட் தேசங்கள் பல முறுக்கிக்கொண்டன. டென்மார்க் 1700இல் வழிக்கு வந்தது. இங்கிலாந்து 1752 வரை வரவில்லை. இதற்கும் காவிரி டெல்டாவுக்கும் என்ன சம்பந்தம்?

தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு 1620இல் வந்தவர்கள். 1706 ஜூலையில் ஸீகன்பால்கு அங்கேதான் வந்து இறங்கினார். தெற்கே நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள். வடக்கே, சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி, கடலூரில் செயின்ட் டேவிட் கோட்டை. அது இங்கிலீஷ்காரர்களுடையது. தரங்கம்பாடியிலும் நாகப்பட்டினத்திலும் புதுக் காலண்டர், கடலூரில் பழைய காலண்டர். இரண்டுக்கும் பதினோரு நாள் வித்தியாசம்.

அதாவது, தரங்கம்பாடியில் கிறிஸ்துமஸ் மணி அடிக்கிற அன்று கடலூர் கோட்டையில் டிசம்பர் 14. அங்கே சிப்பந்திகள் வழக்கம்போல் துணி மூட்டைகளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடும்போது தரங்கம்பாடிக்காரருக்கு ஜனவரி 5 ஆகியிருக்கும். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒரே கடற்கரையில் இரண்டு கிறிஸ்துமஸ். சாமர்த்தியமான வியாபாரியாக இருந்தால் இரண்டிலும் விருந்து சாப்பிட்டிருக்கலாம். இரண்டிலும் கடையைத் திறந்து வைத்துக் காசும் பார்த்திருக்கலாம்.

தேதி கிடக்கட்டும். லீவு?

அதற்கு ஒரு யுத்தமே நடந்திருக்கிறது. 1647இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் கிறிஸ்துமஸைத் தடை செய்தது. பியூரிட்டன்கள் காலம். பண்டிகை என்ற பெயரில் குடியும் கூத்தும்தான் நடக்கிறது, இதெல்லாம் வேதத்தில் இல்லை, ஆகவே டிசம்பர் 25 அன்று கடை திறக்கவேண்டும் என்றார்கள். கேண்டர்பரி நகரத்தில் சொன்னபடி திறந்த கடைகளை ஜனங்கள் சூறையாடினார்கள். கடலுக்கு அப்பால் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659இல் ஒரு சட்டம். கிறிஸ்துமஸ் அன்று வேலைக்குப் போகாமல் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். 1681 வரை இது அமலில் இருந்தது. பண்டிகைக்கு லீவு எடுத்தது குற்றம் என்று ஒரு கிறிஸ்தவ ஊரிலேயே சட்டம்!

ஸ்காட்லாந்தில் இன்னும் மோசம். 1958இல்தான் அங்கே கிறிஸ்துமஸ் பொது விடுமுறை ஆனது. அதற்கு முன்னால் அன்றைக்கு மற்ற நாளைப்போல ஃபாக்டரிக்குப் போய், பொழுது சாய வீட்டுக்கு வந்து, கிடைத்ததைச் சாப்பிட்டுத் தூங்கியவர்கள் ஏராளம். அவர்களுக்குப் பண்டிகை என்றால் புத்தாண்டுதான்.

இங்கிலாந்தில் 1843இல் டிக்கன்ஸ் ஒரு கதை எழுதினார். கஞ்ச முதலாளி, ஏழை குமாஸ்தா. கிறிஸ்துமஸுக்கு ஒரே ஒருநாள் சம்பளத்தோடு லீவு கேட்டு குமாஸ்தா கூனிக்குறுகி நிற்பான். பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதில் பேய் வருவது நமக்கு ஞாபகம் இருக்கும், லீவு லெட்டர் மறந்துபோயிருக்கும். பெரிய வீடுகளின் சமையல்காரருக்கும் வேலைக்காரிக்கும் அந்த ஒருநாள்கூட இல்லை. துரை வீட்டு விருந்துக்கு வாத்தை யார் சமைப்பது? அவர்களுடைய கிறிஸ்துமஸ் மறுநாள்தான். எஜமான் ஒரு பெட்டியில் காசோ துணியோ மிச்சமிருந்த பலகாரமோ போட்டுக் கொடுத்து ஊருக்கு அனுப்பி வைப்பார். 26ஆம் தேதிக்கு 'பாக்ஸிங் டே' என்று பெயர் வந்ததற்குச் சொல்லப்படுகிற காரணங்களில் இதுவும் ஒன்று. 1871இல் வங்கி விடுமுறைச் சட்டம் வந்தபோது அந்த 26ஆம் தேதியும் லீவு லிஸ்ட்டில் ஏறியது.

ஆக, எதிர்வீட்டு அத்தையின் 26ஆம் தேதி கிறிஸ்துமஸுக்கு லண்டனிலேயே முன்னோர்கள் இருந்திருக்கிறார்கள்.

நம் ஊருக்கு இந்த லீவு வந்தது மாதா கோயில் வழியாக என்று நினைப்போம். சட்டப்படி பார்த்தால் அது வந்தது வட்டிக்கடை வழியாக! நான் பி.காம். படித்தவன். அங்கே 'மெர்க்கன்டைல் லா' என்று ஒரு பேப்பர் உண்டு. பாதி வகுப்பு தூங்கும். அதில் 1881ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டம், அதாவது செக், உண்டியல், பிராமிசரி நோட்டு விவகாரம். அதன் 25ஆம் பிரிவில், பணம் கட்டவேண்டிய கெடு பொது விடுமுறையில் விழுந்தால் என்ன செய்வது என்று சொல்லியிருக்கும். பொது விடுமுறை என்றால் என்ன என்பதற்கு விளக்கம் வேண்டுமல்லவா? ஞாயிற்றுக்கிழமை, புத்தாண்டு, கிறிஸ்துமஸ், புனித வெள்ளி என்று அன்றைக்கு வெள்ளைக்காரன் பெயர் சொல்லி எழுதி வைத்தான். தீபாவளி, பொங்கல், ரம்ஜான் எல்லாம் மாகாண அரசாங்கம் பார்த்துக் கெஜட்டில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். சுதந்திரத்துக்குப் பிறகு அந்தப் பெயர்களை எடுத்துவிட்டார்கள். இப்போது ஞாயிறு தவிர எல்லாமே கெஜட் அறிவிப்புதான்.

சரி, கெடு லீவு நாளில் விழுந்தால்? மறுநாள் கட்டலாம் என்றுதானே நினைப்பீர்கள். இல்லை. முந்தின வேலை நாளே கட்டியாகவேண்டும். பரீட்சையில் தப்பாமல் வரும் கேள்வி. லீவு என்பது கடன்காரனுக்கு ஒருநாள் முன்னதாக வரும் தலைவலி என்று எங்கள் வாத்தியார் சொல்வார்.

வெள்ளைக்காரன் தனக்கு எடுத்துக்கொண்ட லீவை நம்மவர்கள் வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினார்கள் பாருங்கள், அதுதான் சாமர்த்தியம். காங்கிரஸ் மகாசபை முதன்முதலில் கூடியது 1885 டிசம்பர் 28, பம்பாயில். அதற்குப் பிறகு பல வருஷங்கள் டிசம்பர் கடைசி வாரம்தான் மாநாடு. காரணம் ரொம்ப எளிமை. தலைவர்களில் நிறையப் பேர் வக்கீல்கள். கிறிஸ்துமஸுக்குக் கோர்ட் லீவு. சர்க்காரை எதிர்க்க சர்க்கார் கொடுத்த லீவு! 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் கூடியபோது கூடவே ஒரு சங்கீத மாநாடும் நடந்தது. அதிலிருந்து 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. இன்றைக்கு மார்கழி சீசன் என்று பட்டுப்புடவை சரசரக்கப் போகிறோமே, அது மார்கழியால் வந்தது பாதி, கிறிஸ்துமஸ் லீவால் வந்தது பாதி. சபா கேண்டீன் தோசைக்கு அந்த 25ஆம் பிரிவுக்கும் ஒரு நன்றி சொல்லவேண்டும்.

இதெல்லாம் லீவு கிடைத்தவர்கள் கதை. நான் கேட்க வந்தது வேறு. அன்றைக்கு வேலைக்குப் போனவர்கள் யார்?

முதலில், துரை வீட்டு பட்லரும் சமையல்காரரும். கிறிஸ்துமஸ் காலையில் கீழ் உத்தியோகஸ்தர்கள் பழக்கூடையும் கேக்கும் மாலையுமாக பங்களா வாசலில் நிற்பார்கள். 'டாலி' என்று அதற்குப் பெயர். கூடையை வாங்கி உள்ளே அடுக்குகிறவனுக்கு அது வேலை நாள்தான். அந்த பட்லர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. அவர்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் எத்தனை மணிக்குத் தொடங்கியிருக்கும் என்று எந்தத் துரையின் டயரியிலும் நான் படித்ததில்லை.

அடுத்தது வயல். எங்கள் பக்கத்துக்கு இதுதான் முக்கியம்.

நெல்லுக்கு லீவு தெரியாது. ஆடு மாடுக்குத் தெரியாது. டெல்டாவில் பண்ணையாள் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. குடும்பமே ஒரு மிராசுதாருக்குக் கட்டுப்பட்டது. அவர் நிலத்தில் குடிசை, அவர் களத்தில் கூலி. விடிவதற்கு முன் வயலில் இருக்கவேண்டும். வராவிட்டால் சவுக்கடி, சாணிப்பால். சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவது. காய்ச்சல் என்று படுத்தாலே இந்தக் கதி என்றால், பண்டிகை என்று யார் போய்க் கேட்பது? பம்பாய் மில் தொழிலாளிக்கு லோகாண்டேயின் போராட்டத்தால் 1890இல் ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்துவிட்டது. கீழத் தஞ்சையில் அரை நூற்றாண்டு கழித்தும் சாட்டைதான்.

அதை உடைக்க வந்தவர்களில் ஒருவர் பி. சீனிவாசராவ். தாய்மொழி கன்னடம். தமிழ் நாவுக்கு அவ்வளவு சுலபமாக வராது. ஆனால் சேரிக்குள் போய், குடிசையில் சாப்பிட்டு, அங்கேயே படுத்து, அடித்தால் திருப்பி அடி என்று சொன்னவர். 1944இல் மன்னார்குடி ஒப்பந்தத்தில் சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிந்தன என்று எழுத்தில் வந்தது. 1952இல் ராஜாஜி ஆட்சியில் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். நினைத்தபோது ஆளை வெளியேற்ற முடியாது, கூலி இத்தனை மரக்கால் என்று சட்டம் பேசியது. சீனிவாசராவ் 1961இல் இறந்தார். திருத்துறைப்பூண்டியில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. சின்ன வயசில் அந்தப் பக்கம் எத்தனையோ தடவை சைக்கிளில் போயிருக்கிறேன். யார் எவர் என்று விசாரித்ததில்லை.

இங்கே ஒரு சட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். 1958, காமராஜ் முதலமைச்சர். தேசிய, பண்டிகை விடுமுறைகள் சட்டம் வந்தது. இன்றைய வடிவில் அதன்படி தொழிலாளிக்குக் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி நாலும் கட்டாய லீவு. கூடவே பண்டிகைக்கு ஐந்து நாள். லீவு அன்று வேலை வாங்கினால் இரட்டைக் கூலி, அல்லது அன்றைய கூலியோடு மாற்று லீவு ஒருநாள். அருமையான சட்டம். ஃபாக்டரிக்கு உண்டு, கடைக்கு உண்டு, டீ எஸ்டேட்டுக்குக்கூட உண்டு. நெல் வயலுக்கு இல்லை. நாற்று நடுகிறவளுக்குக் கிறிஸ்துமஸும் கிடையாது, தீபாவளியும் கிடையாது. போனால் கூலி, போகாவிட்டால் பட்டினி.

சட்டம் வந்து பத்து வருஷம். 1968 டிசம்பர் 25.

அன்று ராத்திரி சென்னையில் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. வேளாங்கண்ணியில் திருநாள் கூட்டம். கீழ்வேளூர் பக்கம் கீழ்வெண்மணியில் கூலித் தகராறு. அறுவடைக் கூலியில் கொஞ்சம் நெல் கூடுதலாகக் கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும் பிரச்சினை. மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்து, வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து அறுத்தார்கள். பல வாரமாகப் புகைந்தது அன்று ராத்திரி வெடித்தது. அடியாட்கள் சேரிக்குள் புகுந்தார்கள். ஓட முடியாதவர்கள் ஒரு சின்னக் குடிசைக்குள் ஒளிந்தார்கள். வெளியே தீ வைத்தார்கள். 44 பேர். கிட்டத்தட்ட எல்லோரும் பெண்களும் குழந்தைகளும், மிச்சம் வயசானவர்கள்.

நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட் 1970இல் தண்டனை கொடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் 1973இல் மிராசுதார்களை விடுவித்தது. கார் வைத்திருக்கிற கௌரவஸ்தர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்பக் கஷ்டமாயிருக்கிறது என்ற ரீதியில் தீர்ப்பு போயிற்று. இடையில், 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கூலி கூடியது. லீவு அப்போதும் இல்லை.

ஆனால் ஒன்று நடந்தது. டிசம்பர் 25 அன்று டெல்டாவின் விவசாயக் கூலிகள் கீழ்வெண்மணிக்குப் போக ஆரம்பித்தார்கள். வருஷா வருஷம். குடும்பம் குடும்பமாக. கெஜட்டில் போடாத, சம்பளம் இல்லாத, யாரையும் கேட்காமல் தாங்களே எடுத்துக்கொண்ட லீவு. மாமா சொல்வார்: அன்றைக்கு நாகப்பட்டினம் பஸ்ஸில் ஒரு பக்கம் மெழுகுவர்த்தியோடு வேளாங்கண்ணிக்காரர்கள், இன்னொரு பக்கம் சிவப்புத் துண்டோடு வெண்மணிக்காரர்கள். சில வீடுகளில் அண்ணன் அங்கே, தம்பி இங்கே. டிரைவருக்கு இரண்டும் ஒரே டிக்கெட்.

ஸ்பெஷல் பஸ் விடுவதால் மாமாவுக்கு அன்று லீவு கிடைக்காது. அத்தைக்கு ஏன் கிடைக்கவில்லை? அதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது.

நம் ஆஸ்பத்திரிகளில் ஒரு சத்தமில்லாத கொடுக்கல் வாங்கல் உண்டு. தீபாவளி, பொங்கலுக்குக் கிறிஸ்தவ, முஸ்லிம் நர்ஸ்கள் டூட்டி பார்ப்பார்கள். ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் இந்து நர்ஸ்கள். ஒரு பேப்பரிலும் இருக்காது. ஆனால் பற்று வரவு துல்லியமாக நிற்கும். எந்த ஆடிட்டரும் தப்பு கண்டுபிடிக்க முடியாது. எங்கள் ஊரில் ஒரே சிக்கல், நர்ஸ்களில் நிறையப் பேர் கிறிஸ்தவர்கள். தீபாவளிக்கு ஆள் தாராளம். கிறிஸ்துமஸுக்குத்தான் திண்டாட்டம்.

ஏன் நிறையப் பேர் கிறிஸ்தவர்கள்? ஒரு காலத்தில் அந்நிய ஆண்களின் ரத்தத்தையும் மலத்தையும் தொடுகிற வேலைக்கு ஜாதி இந்துக் குடும்பம் பெண்ணை அனுப்பாது. தீட்டு. ராத்திரி வீட்டுக்கு வெளியே இருப்பது வேறு. மிஷன் ஆஸ்பத்திரிகள்தான் பெண்களைச் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தன. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இலேயே நர்ஸ் பள்ளி தொடங்கிவிட்டார். விதவையானவள், கைவிடப்பட்டவள், படிக்க ஆசைப்பட்ட ஏழைப் பெண் எல்லோருக்கும் அது ஒரு கதவு. அத்தையின் அம்மாவும் ஆயாவாக இருந்தவர்தான். மகளை நர்ஸ் ஆக்கினார். கதவைத் திறந்துவிட்ட மதத்தின் பண்டிகைக்குத்தான் இந்தப் பெண்களுக்கு லீவு கிடைக்கவில்லை.

அத்தைக்கு இதில் வருத்தம் உண்டா என்று ஒருதடவை கேட்டேன். சிரித்தார். "சாமி பொறந்த சேதி மொதல்ல யாருக்குப் போச்சு தெரியுமா? ராத்திரி ஆடு காத்துக்கிட்டு இருந்தவனுக்கு. நைட் டூட்டிக்காரனுக்குடா!" கத்தோலிக்கப் பூசைப் புத்தகத்தில் கிறிஸ்துமஸுக்கு ஒன்றல்ல, நான்கு பூசைகள் இருக்கின்றன. முந்தின நாள் மாலை, நள்ளிரவு, விடியற்காலை, பகல். விடியற்காலைப் பூசையில் வாசிக்கிற பகுதி அந்த இடையர்களைப் பற்றியதுதான். நைட் டூட்டி முடித்து யூனிபார்மோடு அத்தை போய் உட்காருகிற பூசை அதுவாகத்தான் இருக்கும்.

சிரித்தார் என்று எழுதிவிட்டேன். ஆனால் சின்னவள் பள்ளிக்கூட நாடகத்தில் தேவதூதனாக வேஷம் போட்டபோது பார்க்க முடியவில்லை என்று எங்கள் அம்மாவிடம் சொல்லி அழுதது எனக்குத் தெரியும். அந்த வருஷங்களில் எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்கு 24ஆம் தேதி ராத்திரி சாப்பாடு எங்கள் வீட்டில்தான். அச்சு முறுக்கு பிழிந்ததும் அம்மாதான். முட்டை போட்ட மாவைத் தொடுவதற்கு அம்மா முதல் வருஷம் கொஞ்சம் தயங்கினார். இரண்டாம் வருஷம் அச்சை எங்கள் வீட்டுப் பரணிலேயே வைத்துக்கொண்டார்.

லீவு விஷயம் பெரிய இடத்திலும் வந்தது. 2014இல் டிசம்பர் 25 நல்லாட்சி தினம் என்று மத்திய அரசு அறிவித்தது. வாஜ்பாய் பிறந்தநாள். அன்றைக்குப் பள்ளிகள் திறந்திருக்குமோ என்று ஒரு களேபரம். பள்ளிக்கு லீவுதான், கட்டுரைப் போட்டி ஆன்லைனில் என்று அமைச்சர் விளக்கம் சொன்னார். அடுத்த வருஷம் ஏப்ரலில் தலைமை நீதிபதிகள் மாநாட்டைப் புனித வெள்ளியன்று தொடங்கினார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதி குரியன் ஜோசப், இது குடும்பத்தோடு இருக்கவேண்டிய நாள் என்று எழுதிவிட்டு, பிரதமரின் விருந்துக்கு வர இயலாது என்றார். பெரிய செய்தியானது. நீதிபதி என்பதால் கடிதம் எழுத முடிந்தது.

2004க்கு வருகிறேன். அந்த வருஷம் டிசம்பர் 25 சனிக்கிழமை. அத்தைக்கு ரிட்டயராக இன்னும் சில வருஷம் இருந்தது. சீனியர் ஆகிவிட்டதால் லீவு கேட்டால் கிடைத்திருக்கும். கைக்குழந்தைக்காரியான ஒரு சின்ன நர்ஸுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அன்றும் டூட்டி பார்த்தார். 26 ஞாயிறு. மகன் திருப்பூரிலிருந்து வந்திருந்தான். மகள், பேத்தி எல்லாரும் வந்தாச்சு. சாயங்காலம் குழந்தையைக் குடிலில் வைப்பதாகத் திட்டம். காலையில் கறி வாங்கி, மசாலா அரைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பது மணி சுமாருக்கு நாகப்பட்டினம் கரையில் கடல் ஏறியது. கிறிஸ்துமஸ் முடிந்து வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்றிருந்த யாத்ரீகர்கள், வலை காயப்போட்டிருந்த மீனவர்கள், விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். எங்கள் ஊர் கடலிலிருந்து தள்ளி இருக்கிறது. என்ன ஏதென்று புரிவதற்குள் வேன்களும் லாரிகளும் வர ஆரம்பித்தன. யாரும் வந்து கூப்பிடவில்லை. அத்தை அரைத்த மசாலாவை மூடி வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, யூனிபார்ம் மாட்டிக்கொண்டு போனார். மாமாவும் டிப்போவுக்குப் போய்விட்டார். மறுநாள் அத்தையை நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார்கள்.

நான் அப்போது சென்னையில் ஒரு பத்திரிகையில் சேர்ந்த புதிது. எனக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை லீவு ரத்து. அம்மாதான் போனில் சொன்னார். "எதுத்த வீட்ல நட்சத்திரத்த கழட்டிட்டாங்கடா. குடில் மட்டும் அப்படியே கெடக்கு. வைக்கோல மாடு இழுக்குது, நான்தான் வெரட்டிக்கிட்டிருக்கேன்."

அத்தை வீட்டுக்கு வந்தது ஜனவரி முதல் வாரத்தில். இரண்டு நாள் தூங்கினார். யாரிடமும் பேசவில்லை. மகனும் மகளும் ஊருக்குப் போயிருந்தார்கள். பேத்தியை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மூன்று ராஜாக்கள் திருநாளன்று சாயங்காலம், குடிலைப் பிரித்துவிடலாமா என்று மாமா கேட்டிருக்கிறார். அத்தை பதில் சொல்லாமல் உள்ளே போய் பீரோவிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துவந்து பேத்தியின் கையில் கொடுத்தார். பஞ்சைப் பிரித்துக் குழந்தையை வைக்கோலில் வைத்தது அவள்தான். கேக் கிடையாது. எங்கள் அம்மா அந்த வருஷம் பிழிந்து வைத்திருந்த அச்சு முறுக்கு டப்பாவில் இருந்தது. கொஞ்சம் நமத்துப் போயிருந்தது. அதைத்தான் சாப்பிட்டார்கள்.